கோச்சின் கணிப்பும் ஜிபிஎஸ் கணக்கும்: ஃபுட்பால் கிளப்பில் ஃபிட்னஸ் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் படித்துவிட்டோ, பிசியோதெரபி முடித்துவிட்டோ, ஃபிட்னஸ் கோச்சிங் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டோ முதல்முறையாக ஒரு கிளப்புக்குள் நுழைகிறீர்களா? அப்படியென்றால் வகுப்பில் யாரும் சொல்லித்தராத ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எண்களை எடுப்பது சுலபம். காலமெல்லாம் கிரவுண்டிலேயே நின்ற ஒரு கோச்சிடம் அந்த எண்ணைக் கொண்டுபோய், அவர் எடுக்கப்போகிற முடிவு கொஞ்சமாவது மாறும்படி சொல்வதுதான் கஷ்டம். சென்னை லீக் அளவிலான கிளப்புகளில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி உட்கார்ந்து போட்ட ரிப்போர்ட் பிரிக்கப்படாமலே பெஞ்சுக்கு அடியில் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

என் கட்சி இதுதான்: அறிவியலா அனுபவமா என்று விவாதம் நடத்தி ஒரு பயனும் இல்லை, எந்த முடிவு யார் கையில் என்பதை சீசன் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் காயங்களை வருஷக்கணக்காகக் கணக்கெடுத்துவரும் ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்டின் குழு, மருத்துவக் குழுவும் ஹெட் கோச்சும் சரியாகப் பேசிக்கொள்ளாத அணிகளில் காயம் அதிகமாக இருப்பதையும், ஆடத் தயாராக இருக்கும் வீரர்கள் குறைவதையும் கண்டது. காசு கொட்டும் கிளப்புகளிலேயே நிலைமை இதுதான் என்றால் நம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1. முதல் சில வாரம் கேளுங்கள், எழுதுங்கள், யோசனை சொல்லாதீர்கள்

ப்ரீ-சீசன் தொடங்கும்போது போய்ச் சேருவது நல்லது. லீக் பாதியில் போனால் நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் குறை சொல்வது போலத்தான் கேட்கும். ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீரர்களைப் பற்றி கோச் போகிற போக்கில் சொல்வதை எல்லாம் தேதி போட்டு எழுதுங்கள். "அவன் இன்னைக்கு லேஸ் கட்டவே அஞ்சு நிமிஷம் எடுத்துக்கிட்டான், நினைப்பு இங்க இல்லை" என்று ஒரு கோச் சொன்னதை நான் அப்படித்தான் எழுதி வைத்தேன். அன்றைக்குத் தூக்கம் பற்றிய கேள்வித்தாளில் அந்தப் பையன் போட்டிருந்ததும் குறைந்த மதிப்பெண்தான். எந்தக் கருவியும் இல்லாமல் கோச் அதைப் பிடித்துவிட்டார். இதையெல்லாம் கணிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் வினாத்தாளில் தேடுவதைத்தான் அவர் கண்ணால் பார்க்கிறார்.

2. யாருக்குக் கடைசி வார்த்தை என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். செலவு ஒரு பிரிண்ட்-அவுட். முதல் மேட்சுக்கு இரண்டு வாரம் முன்பாவது முடித்துவிடுங்கள். தோற்ற மேட்சுக்கு மறுநாள் இந்தப் பேச்சை எடுத்தால் காரியம் நடக்காது. ஹெட் கோச், ஃபிசியோ அல்லது டாக்டர், கிளப் செயலாளர், நீங்கள், நான்கு பேரும் உட்கார்ந்து பேசி மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பகுதியில் மருத்துவத்தின் முடிவே கடைசி. தலையில் அடி, நெஞ்சு வலி, மயக்கம், வெயில் தாக்கு, காயம்பட்டவர் பயிற்சிக்குத் திரும்புவது எல்லாம் இதில் வரும். இதில் கோச்சின் அனுபவத்துக்கு இடமே இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள், தயங்காதீர்கள். 2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர் 17-வது நிமிடத்தில் தலையில் அடிபட்டு, அதன்பிறகும் கால் மணி நேரம் போலத் தொடர்ந்து ஆடினார். இது இறுதிப் போட்டிதானா என்று அவர் நடுவர் நிக்கோலா ரிஸோலியிடமே கேட்டார், அதற்கு அப்புறம்தான் வெளியே எடுத்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேட்சிலேயே அப்படி. டாக்டர்கூட இல்லாத நம் கிரவுண்டில், "தலையில் அடி என்றால் வெளியே" என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பது ஒன்றுதான் பாதுகாப்பு.

இரண்டாவது பகுதியில் நீங்கள் ஆபத்தைச் சொல்கிறீர்கள், முடிவைக் கோச் எடுக்கிறார். தசை இறுக்கம், தொடர்ந்து முழு மேட்ச் ஆடிய களைப்பு, எத்தனை நிமிடம் ஆடலாம் என்பதெல்லாம் இங்கே. நீங்கள் சொன்னதும் அவர் எடுத்த முடிவும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது முழுக்க முழுக்கக் கோச்சின் வீடு. பதினொரு பேர் யார், எந்த அமைப்பில் ஆடுவது, யாரை எப்போது மாற்றுவது, பெனால்டி யார் அடிப்பது. கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள். புதிதாக வருகிற பலர் சறுக்குவது இங்கேதான். கையில் எண் இருக்கிறது என்பதற்காக டச்-லைனில் நின்று "சார், அவனை எடுத்துடலாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னால், அடுத்த நாள் முதல் உங்கள் எண் எதுவும் எடுபடாது.

வாய்மொழி ஒப்பந்தத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "நம்ம பசங்கதானே, பாத்துக்கலாம்" என்று செயலாளர் சொல்வார். சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்கள்.

3. ஆவணங்கள்

ஆளுக்கொரு ஃபைல் போடுங்கள். அதில் இவை இருக்கட்டும்: பழைய காயங்களின் பட்டியல், குடும்பத்தில் யாராவது இள வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்ற கேள்வி, ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க ஒரு எண், ஒரு ஈசிஜி, உடல் விவரங்களைச் சேகரிக்கச் சம்மதக் கடிதம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அகில இந்திய ஃபுட்பால் கூட்டமைப்பின் பதிவுக்காகப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எப்படியும் வாங்குவார்கள், அதே நாளில் உங்கள் படிவத்தையும் கொடுத்துவிட்டால் இன்னொரு முறை துரத்த வேண்டியதில்லை.

ஈசிஜி வெளியே எடுத்தால் சில நூறு ரூபாய்தான். அதில் சந்தேகம் வந்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னால் ஆயிரங்களில் போகும். அரசு மருத்துவமனையில் எடுத்தால் பணம் மிச்சம், ஆனால் ஒரு காலைப்பொழுது போய்விடும். இதற்கெல்லாம் செலவு எதற்கு என்று கிளப்பில் கேட்பார்கள். 2003-ல் லியோன் மைதானத்தில் விழுந்து இறந்த கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கு இதயத் தசை தடித்திருந்தது பின்னால்தான் தெரியவந்தது. அவர் பெயரைச் சொல்லுங்கள். சீசனுக்கு மூன்று வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள், யாராவது ஒருவருக்காவது மறு பரிசோதனை வரும்.

4. எதை முதலில் வாங்குவது

வீரர் ஓடும் தூரத்தையும் வேகத்தையும் பதிவு செய்யும் ஜிபிஎஸ் ஜாக்கெட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: ஒரு நோட்டு, ஓர் எடை பார்க்கும் மெஷின், கோன்கள், அளவு டேப், மொபைலை நிறுத்த ஒரு டிரைபாட். இவ்வளவும் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அடுத்தது, ஒரு பைசா செலவில்லாத ஃபிஃபா 11+ வார்ம்-அப். இருபது நிமிஷம், மூன்று பகுதி, வாரத்தில் இரண்டு முறையாவது. தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்குக்கான நார்டிக் பயிற்சியும் அதிலேயே இருக்கிறது. எக்ஸ்ட்ராண்ட் குழுவின் கணக்கில் 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம் 2021-22-ல் 24 சதவீதமாகிவிட்டது, அதனால் இதை விட்டுவிடாதீர்கள். பந்து நேரம் போகிறது என்று கோச் முணுமுணுப்பார். நியாயமான முணுமுணுப்புதான். பையன்கள் வருவதற்கு முன்பே கோன்களை வைத்துத் தயாராக இருங்கள், சொன்ன நேரத்தில் முடியுங்கள், ஒரு நிமிஷம்கூடத் திருடாதீர்கள். மேட்ச் நாளில் ஓட்டப் பகுதிகளான முதலாவதும் மூன்றாவதும் மட்டும் போதும். நார்டிக்கை மேட்சுக்கு முந்தின நாள் முதல்முறையாகச் செய்ய வைத்தால் மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பழி அறிவியல் மேல் விழும்.

ஜிபிஎஸ் வாங்கியே தீர வேண்டும் என்றால் ஓர் ஆளுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும், அணி முழுதுக்கும் லட்சங்கள். பல கம்பெனிகளில் வருஷச் சந்தா தனி. விலை கேட்கும்போதே அதையும் கேளுங்கள். எந்தக் கருவி எந்த வீரருக்கு என்று எண் போட்டு ஒட்டி, சீசன் முழுக்க மாற்றாதீர்கள். ஒரு கம்பெனிக் கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். மேட்சில் போட்டு ஆட விடுவார்களா என்று லீக் நிர்வாகத்திடம் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நடுவர் கழற்றச் சொல்லிவிடுவார்.

5. தினமும் ஒரே ஒரு எண்

பயிற்சி முடிந்து சுமார் அரை மணி நேரம் கழித்து ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி: இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது, 0 முதல் 10-க்குள் சொல். அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிஷம், 7 என்றால் 630. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. பணக்காரக் கிளப்புகளிலும் ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து இதைக் கேட்கிறார்கள்.

கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கோச் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லாரும் 3, 4 என்றுதான் சொல்வார்கள், டீமிலிருந்து தூக்கிவிடுவாரோ என்ற பயம். ஒரு பையன் சட்டையைப் பிழிந்துகொண்டே, நிற்க முடியாமல் கோல்போஸ்டில் சாய்ந்துகொண்டு, "நாலு போட்டுக்குங்கண்ணா" என்றான். கோச் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் தானாகவே வந்து, "எட்டுண்ணா" என்றான். தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், அடுத்தவர் காதில் விழாமல் கேளுங்கள். சொன்ன எண்ணை வைத்து ஒருவரையும் தண்டிக்க மாட்டோம் என்று கோச்சிடம் முன்பே வாக்கு வாங்கிவிடுங்கள்.

உங்கள் தாளில் ஏறாத ஓட்டமும் உண்டு. நம் பையன்களில் பலருக்கு வேலை இருக்கும், சிலருக்கு நைட் ஷிஃப்ட். இன்னும் சிலர் வார இறுதியில் கேரளா பக்கம் போய், ராத்திரி ஃப்ளட்லைட்டில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால்) ஆடிவிட்டுக் காசோடு திரும்புவார்கள். கிளப்புக்குத் தெரிந்தால் வம்பு என்பதால் சொல்ல மாட்டார்கள். "திங்கக்கிழமை இவன் கால் ஏன் இப்படி இருக்கு" என்று கோச் சந்தேகப்பட்டால் நம்புங்கள், உங்கள் கணக்கில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெறும் பூஜ்யமாக இருக்கும். அந்தப் பையனை அதட்டாதீர்கள். அந்தக் காசு அவன் வீட்டுக்குத் தேவை. எத்தனை மேட்ச் என்று மட்டும் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து, 0.8-க்கும் 1.3-க்கும் நடுவில் இருந்தால் பத்திரம், 1.5 தாண்டினால் ஆபத்து என்று சொல்லும் சூத்திரத்தை எங்காவது படித்திருப்பீர்கள். அதை வேதவாக்காக எடுக்காதீர்கள். அந்த விகிதத்தின் மீது ஆய்வாளர்களே கடுமையான விமர்சனம் வைத்திருக்கிறார்கள். சுமை திடீரென்று ஏறியதா என்று பார்க்க உதவும், காயம் வருமா வராதா என்று ஜோசியம் சொல்ல உதவாது. கோச்சிடம் "1.6 வந்திருக்கு, இவனுக்கு அடிபடும்" என்று சொல்லி, அவன் ஒன்றும் ஆகாமல் இரண்டு கோல் அடித்தால் அப்புறம் உங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

6. கோச்சுக்கு மூன்று வரி போதும்

வரைபடம், வண்ண வட்டம், எட்டுப் பக்கப் பிடிஎஃப் எதுவும் வேண்டாம். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பாக வாட்ஸ்அப்பில், தமிழில், மூன்று வரி. நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ரைட் பேக்: ரெண்டு நாளாத் தூக்கம் சரியில்லை, தொடை இறுக்கம். இன்னைக்கு ஸ்பிரிண்ட் மட்டும் வேண்டாம், மத்தது ஓகே.
நம்பர் 8: முழுசா ரெடி.
மத்த எல்லாரும் நார்மல்."

முதல் வரியைக் கவனியுங்கள். "அவன் ஆட முடியாது" என்று எழுதவில்லை, எதைச் செய்யலாம் என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கோச் பயிற்சியை மாற்றிக்கொள்ள முடியும். அவர் கிரவுண்டுக்கு வந்து கோன் வைத்த பிறகு அனுப்பிப் பயனில்லை, அதற்குள் அவர் மனதில் அன்றைய பயிற்சி முடிவாகிவிட்டிருக்கும்.

7. அவர் கணிப்பையும் எழுதுங்கள்

இதைச் செய்கிறவர்கள் குறைவு. எனக்கு மிகவும் பலன் கொடுத்தது இதுதான். மேட்சுக்கு முந்தின நாள் ஐந்து நிமிஷம் கோச்சோடு உட்காருங்கள். ஒப்பந்தத்தின் இரண்டாவது பகுதியில் வருகிற வீரர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரி, அவர் ஒரு வரி. "அறுபது நிமிஷத்துக்கு மேல் தாங்காது" என்று நீங்கள், "இந்த மேட்ச்னா அவன் விழுந்தாலும் எழுந்து ஓடுவான்" என்று அவர். மேட்ச் முடிந்து இரண்டு நாள் கழித்து வீடியோவோடு அதை எடுத்துப் பாருங்கள். யார் ஜெயித்தார்கள் என்று எண்ணாதீர்கள், எந்த மாதிரி விஷயத்தில் யார் கண் சரியாக இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை மனநிலை, பெரிய மேட்ச் பதற்றம், இரண்டு பேருக்குள் இருக்கும் மனஸ்தாபம் இதிலெல்லாம் கோச் சொல்வது பெரும்பாலும் சரியாக வரும். காயம்பட்டவர் குணமாகிவிட்டார் என்பதில்தான் ஆசை கண்ணை மறைக்கும். இரண்டு மாதம் இப்படி எழுதினால் அதை அவரே சொல்வார்.

கணிப்பு என்பது முன்தயாரிப்பு இல்லாமல் வருவது என்று நினைத்துவிடாதீர்கள். 2014 உலகக் கோப்பை காலிறுதியில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்தின் லூயி ஃபான் கால் கோல்கீப்பர் சிலெசனை எடுத்துவிட்டு டிம் க்ரூலை இறக்கினார். க்ரூல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். பார்த்தவர்களுக்குச் சூதாட்டம் போலத் தெரிந்தது. ஆனால் அப்படி நடக்கலாம் என்று க்ரூலிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். தயாரிப்பு வேறு ஆட்கள் செய்தது, அதைப் பயன்படுத்தும் நேரத்தை முடிவு செய்தது கோச். உங்கள் இடம் அந்தத் தயாரிப்பில் இருக்கிறது.

8. காயத்திலிருந்து திரும்புகிறவர்

ஒப்பந்தம் உடைவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் பெரிய மேட்சுக்கு முந்தின வாரம். 2014 மே 17 அன்று பார்சிலோனாவில் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்து வெளியேறிய தியேகோ கோஸ்டாவை, ஒரே வாரத்தில் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் அத்லெட்டிகோ மாட்ரிட் கோச் சிமியோனே தொடக்கத்திலேயே இறக்கினார். ஒன்பதே நிமிடத்தில் வெளியே. அன்றைய விதிப்படி மூன்றே மாற்றுகள். அதில் ஒன்று அங்கேயே போனது. கூடுதல் நேரத்தில் ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கொண்டு ஆடியபோது மாற்ற ஆள் இருந்தும் வாய்ப்பு இல்லை. 4-1 தோல்வி. கோச்சிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது காயத்தைப் பற்றிப் பேசாதீர்கள், வீணாகும் மாற்று ஆட்டக்காரரைப் பற்றிப் பேசுங்கள். அது அவருடைய மொழி.

திரும்புவதற்கான படிகளை நாள் கணக்கில் எழுதாமல் செய்கையாக எழுதுங்கள். தொட்டால் வலி இல்லை, இரண்டு காலும் ஏறக்குறைய சம பலம், நேராக முழு வேகத்தில் ஓட்டம், திரும்பி வெட்டி ஓட்டம், அப்புறம் அணியோடு சில முழுப் பயிற்சிகள். ஒவ்வொரு படிக்கும் தேதியும் ஃபிசியோ கையெழுத்தும். "நல்லாதான் இருக்கேண்ணா" என்று வீரர் சொல்வதைப் படியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பெஞ்சில் உட்கார யாருக்குத்தான் ஆசை?

9. வெயில்

நம்மூர் ஏப்ரல், மே வெயிலில் பிற்பகல் மேட்ச் இருந்தால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 70 கிலோ ஆள் 1.4 கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால், அதாவது 2 சதவீதம் தாண்டினால், தண்ணீர் போதவில்லை. வெப்பம், ஈரப்பதம், வெயில் எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32 டிகிரி தொட்டால் ஃபிஃபா இடையில் கூலிங் பிரேக் கொடுக்கிறது. நம் லீக்கிலும் மேட்ச் கமிஷனரிடம் ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

கோச்சுக்கு இது பிடிக்கும்படி சொல்ல வழி உண்டு. அதே 2014 உலகக் கோப்பையில், ஃபோர்ட்டலேசாவில் மெக்சிகோவுக்கு எதிராக 1-0 பின்தங்கியிருந்த ஃபான் கால், இரண்டாம் பாதியின் கூலிங் பிரேக்கில்தான் தன் மாற்றுத் திட்டத்தை வீரர்களுக்குச் சொன்னார். நெதர்லாந்து 2-1 ஜெயித்தது. தண்ணீர் குடிக்க விட்ட மூன்று நிமிஷம் கோச்சுக்குக் கிடைக்கும் இன்னொரு டீம் டாக்.

10. கோச் மாறினால்

கட்டாயம் மாறுவார், அதுவும் சீசன் நடுவிலேயே. புது ஆள் வந்த முதல் நாளே பழைய நோட்டை அவர் முன் விரிக்காதீர்கள். அதில் முந்தையவரின் கணிப்புகள் இருக்கின்றன, அவை அவருக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்தவை. வீரர்களின் மருத்துவ ஃபைலையும் காயப் பட்டியலையும் மட்டும் கொடுங்கள். இரண்டாவது படியில் எழுதிய ஒப்பந்தத்தைப் புதிதாகப் பிரிண்ட் எடுத்து, அவரோடு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து பேசிக் கையெழுத்து வாங்குங்கள். கிளப்பை விட்டுப் போகும் வீரர் கேட்டால் அவருடைய ஃபைலின் நகலைக் கையிலேயே கொடுத்தனுப்புங்கள், அடுத்த கிளப்பில் அவருடைய தொடையைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.